நாலாயிரம் பேருக்கு ஒரு மலசலகூடம் இல்லை

மனிதரில் நிறைகுறையர் என்று ஓர் இனம் இருக்கிறது. இனம் என்றதும் நீங்கள் பதறிப்போய்ச் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தடவ வேண்டாம். பொலிஸ் பதிவுப் படிவத்தில் இவர்களுக்கென்று ஒரு கட்டம் கிடையாது. எல்லா மதத்திலும் இருக்கிறார்கள், எல்லா மொழியிலும் கதைக்கிறார்கள். ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், சற்று நெருக்கமாக வசிக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

இனங்காண்பது சுலபம். செத்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும் வழியில், "பெட்டி நல்ல பெட்டி. சனமும் பிழையில்லை. ஆனா ஐயர் கொஞ்சம் அவசரப்பட்டிட்டார்" என்று ஒருவர் சொன்னால், அவர் நிறைகுறையர். கல்யாண வீட்டில் கைகழுவிக்கொண்டே பாயாசத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுபவர், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு தாயிடமே "முகவெட்டு நல்லம், ஆனா காது" என்று இழுப்பவர், கனடாவிலிருந்து தமையன் எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டுப் பந்தி பிரித்தது சரியில்லை என்பவர், எல்லாரும் ஒரே குலம். கல்கிசைக் கடற்கரையில் அப்படியொருவரோடு நின்று சூரியன் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதில் என்ன குறை இருக்க முடியும்?

"கொஞ்சம் கெதியா இறங்கிட்டுது."

இவரைக் குறைசொல்லி என்று நீங்கள் நினைத்தால் அது அநியாயம். குறைசொல்லிக்குக் குறை மட்டுமே தெரியும். முகத்துதிக்காரனுக்கு நிறை மட்டுமே தெரியும். இவர் இரண்டையும் தராசில் வைத்து, முள் அசையாமல் நிற்கும் வரை மூச்சையும் பிடித்துக்கொண்டு பார்ப்பவர். நீதிமான். அதுதான் இவரோடு உள்ள தொல்லை. முதலில் நிறையைச் சொல்வார், ஒன்றையும் ஒளிக்காமல் சொல்வார், நீங்கள் மனம் குளிர்ந்து இன்னொரு பிளேன்ரீ ஊற்ற எழும்பும்போதுதான் அந்த "ஆனா" வரும். அதைச் சொல்ல விடாமல் தடுத்துப் பாருங்கள். தும்மல் பாதியில் நின்றுபோனவரின் முகம் அவருக்கு வந்துவிடும். அந்த முகத்தோடு எத்தனை மணி நேரமும் இருப்பார். சொல்லாமல் போக மாட்டார்.

இந்த இனத்தில் நான் கண்ட மிக உயர்ந்த மாதிரி நாகேந்திரம் அண்ணை.

இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு அவருக்கு முப்பத்தாறு வயது. பம்பலப்பிட்டியில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் படவரைஞர். மற்றவர்கள் கற்பனை செய்யும் கட்டடங்களுக்கு அளவு போட்டுக் கோடு கீறுகிற வேலை. அந்த வேலை இந்த இனத்துக்காகவே உண்டாக்கப்பட்டது. கட்டட வரைபடத்தில் ஒரு கதவு தவறான பக்கம் திறந்தால் அவருக்கு இரவில் நித்திரை வராது என்று அவருடைய மனைவி அருந்ததி அக்கா சொல்வார். அலுவலகம் இல்லாத சனிக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவர் மஹ்ரூப் நானாவின் நெற் கபேக்கு வருவார். ஒரு சேலைக்கடைக்கு மேலே, ஒடுங்கிய படியேறிப் போனால், ஆறு கொம்பியூட்டர்கள். ஐந்தாம் இலக்கத்தில் இருந்து நான் வெளிநாடுகளுக்கு விண்ணப்பங்கள் எழுதிக்கொண்டிருப்பேன். நாலாம் இலக்கத்தில் நாகேந்திரம் அண்ணை விண்ணப்பம் எதுவும் இல்லாமலேயே பூமியை விட்டுப் போய்விட்டிருப்பார்.

அந்த விளையாட்டின் பெயர் கெரோன். பிரதி பண்ணிய சீடி, மூன்று தட்டு. வாசகர்களில் இப்படிப்பட்ட விளையாட்டைத் தொடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இது பந்தை அடித்துப் புள்ளி சேர்க்கிற சமாச்சாரம் அல்ல. இருபத்துநாலாம் நூற்றாண்டு. பூமியில் இருக்க முடியாமல் போய்விட்டது. ஒரு சாமான் கப்பல் உங்களைக் கொண்டுபோய்க் கெரோன் என்ற விண்வெளி நிலையத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. ஐந்து தளம், நாலாயிரம் சனம். பெயர் என்ன, பிறந்த இடம் எது, தொழில் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் அந்த ஆளாகவே வாழ வேண்டும். அடித்தளங்களுக்கு வருகிற காற்றை யாரோ இரகசியமாகக் குறைக்கிறார்கள். அது யார் என்று கதைத்தோ கெஞ்சியோ பொய் சொல்லியோ சுட்டோ கண்டுபிடிப்பது உங்கள் பாடு.

அண்ணைக்கு முதல் குறை முதல் நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது.

"ஐசே, இஞ்ச பாரும். பதினொரு தொழில் தந்திருக்கிறான். கொலைகாரனிலயே மூண்டு வகை. ஒரு படவரைஞர் இல்லை. அப்ப இந்த ஸ்டேஷனை ஆர் கீறினது?"

"தெரியேல்லை அண்ணை."

"அதுதானே!" என்று அதையே ஒரு சாட்சியமாக எடுத்துக்கொண்டு ஒரு சீ.ஆர். கொப்பியைத் திறந்து, தலைப்பில் திகதி போட்டு, "குறை 1" என்று எழுதினார். நீள வாக்கில் தடித்த மட்டை போட்ட, அலுவலகங்களில் பாவிக்கிற கொப்பி. அந்தக் கொப்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரங்கள் போயின. குறைகள் சேர்ந்தன. பத்தொன்பது துவக்கைச் சுமக்கும் கதாநாயகனால் மூன்றாவது தண்ணீர்ப் போத்தலைச் சுமக்க முடியவில்லை. இரண்டாம் தளத்துச் சாப்பாட்டுக் கடைக்காரரின் இடது கால் சுவருக்குள் போய்விட்டது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சூப் விற்கிறார். ஒரு தளத்திலிருந்து மற்றத் தளத்துக்குப் போக லிப்ட் எடுத்தால், அது வந்துசேரும் வரை இரண்டு நிமிடம் திரை கறுப்பாகிவிடும். அந்த நேரத்தில் அண்ணை கீழே போய் மீன் அடைத்த ஒரு மாலுபாண் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். காவலர்கள் மகா மட்டம்: நீலச் சட்டை போட்டவன் யாராக இருந்தாலும் "போ நண்பா" என்று வழி விட்டார்கள். முடிவும் அப்படித்தான் என்று கேள்வி. நாற்பது மணித்தியாலம் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் எவ்வளவு அயோக்கியனாக இருந்தாலும், கடைசியில் எல்லாருக்கும் அதே மூன்று கதவு.

நிறைகள் இல்லையா? நீதிமான் அல்லவா, அவற்றையும் எழுதினார். எந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்பும் விளையாட்டை அந்த இடத்தில் சேமித்து வைக்கலாம்; சொன்ன பதில் பிழைத்துவிட்டால் திரும்பி வந்து வேறு பதில் சொல்லிப் பார்க்கலாம். "நிறை 4. சீவியத்தில் இல்லாத வசதி" என்று எழுதியிருந்தார். ஆனால் அவர் மனதைப் பிடித்த நிறை வேறு. அது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முதல் மணித்தியாலத்தில் தண்ணீர் விற்கிற ஒரு கிழவி அவரிடம் எதற்காகக் கெரோனுக்கு வந்தாய் என்று கேட்கிறாள். திரையில் நாலு பதில். தம்பியைத் தேடி வந்தேன் என்ற பதிலைச் சும்மா அழுத்திவிட்டுப் போய்விட்டார். ஐந்தாறு சனிக்கிழமை கழித்து, விளையாட்டுக் கணக்கில் இருபது மணித்தியாலத்துக்குப் பிறகு, அதே வழியால் போகும்போது அந்தக் கிழவி கையைப் பிடித்து நிறுத்தி, "உன் தம்பி கிடைச்சானா?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். அண்ணை காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ன அண்ணை?"

"இல்லை, ஞாபகம் வைச்சிருக்கிறாள்" என்றார். கொப்பியை எடுத்து, "நிறை" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு கீறினார். அவர் எதற்கும் இரண்டு கோடு கீறுகிறவர் அல்ல.

எழுதினதோடு விட்டிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்திராது. அவர் படமும் கீறினார். ஐந்து தளத்துக்கும் ஒன்றுக்கு நூறு என்ற அளவில், அலுவலகத்துப் பேனையால், நிலையத்தின் முழு வரைபடம். நீங்கள் கெரோனைப் பற்றி ஒன்றுமே கேள்விப்படாத ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொப்பியைத் திறக்கிறீர்கள். உள்ளே மிகத் திறமையாகக் கீறப்பட்ட ஒரு பெரிய கட்டடம். தமிழில் குறிப்புகள். "மூன்றாம் தளம்: காவல் 4 பேர். மாறும் நேரம் 6, 14, 22." "இரும்புக் கதவு: கடவுச்சொல் பின்பக்கம்." "காற்றுக் குழாய்: ஓராள் புகலாம்." "இவ்விடத்தில் வைத்தால் முழுத் தளமும் போகும்." கொப்பியின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கும் ஒருவர். வருடம் இரண்டாயிரத்தெட்டு: வடக்கில் யுத்தம், கொழும்பில் குண்டு.

வாசித்தீர்களா? இப்போது சார்ஜன் படியேறி வருகிறார்.

எங்கள் ஒழுங்கை முகப்பில், மண்மூட்டைக்குப் பக்கத்தில், காலையும் பின்னேரமும் நின்று அடையாள அட்டை பார்க்கிற பொலிஸ் சார்ஜன்தான். ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு, இரண்டு கொன்ஸ்டபிள்மாரோடு, வழக்கமான சோதனைக்காக வந்தார். ஆறு பேரும் ஆறு அட்டையை நீட்டினோம். அவருடைய கை நாலாம் இலக்கத்து மேசையில் இருந்த கொப்பியைத் திறந்தது. ஒரு பக்கம். இன்னொரு பக்கம். பிறகு மெதுவாக, பின்னாலிருந்து முன்னுக்கு.

"மே மொகக்த?" என்றார். இது என்ன?

நாகேந்திரம் அண்ணையின் சிங்களம் பாண் வாங்கவும் பஸ்ஸில் இறங்கவும் போதுமானது. "கேம், சேர். கேம்" என்று திரையைக் காட்டினார். சார்ஜன் குனிந்து திரையைப் பார்த்தார்.

திரை கறுப்பாக இருந்தது. கெரோன் நிலையத்தின் லிப்ட் வந்துகொண்டிருந்தது.

இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். அது முடிவதற்கு முன்னமே அண்ணையின் ஒரு கையைக் கொன்ஸ்டபிள் பிடித்துவிட்டான். சார்ஜன் எங்களைப் பார்த்து, சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். மஹ்ரூப் நானாவுக்கு இரண்டும் தண்ணீர் பட்டபாடு. ஆனால் கடை அவருடையது என்றபடியால் அவர் சொல் எடுபடாது. கொட்டாஞ்சேனையில் இரண்டு மொழியில் படித்துத் தொலைத்தவன் நான். அதை என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ, விரல் என்னிடம் வந்து நின்றது.

"இவரைத் தெரியுமா?"

"பக்கத்துக் கதிரை, சேர்" என்றேன். ஒரு வருடமாக அவர் வாங்கித் தந்த மாலுபாண்களை நான் அந்த இடத்தில் குறிப்பிடவில்லை.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் வயதானவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். குரல் உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மஹ்ரூப் நானா நாலாம் இலக்கத்துக் கொம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்து, "சேர், இது பொடியன்மார் வெளயாடுற சாமான், அல்லாட மேல சத்தியமா" என்று சிங்களத்திலும் நடுவில் தமிழிலும் சொல்லிச் சொல்லி வயர்களைக் கொழுவினார். அவர் போன் பண்ணியதில் அருந்ததி அக்காவும் வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு நீளமான கடித உறை. பொலிஸ் பதிவுத் துண்டு, அலுவலகக் கடிதம், கல்யாண எழுத்து எல்லாம் அதற்குள் இருந்தன. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வருகிற ஒவ்வொருவருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இது விளையாட்டின் படம் என்றால்," என்றார் இன்ஸ்பெக்டர், "விளையாட்டைப் போடு. ஒத்துப் பார்ப்போம்."

இதைவிட நியாயமான யோசனை இருக்க முடியாது. மஹ்ரூப் நானா போட்டார். லிப்ட் இந்த முறை வந்துசேர்ந்தது. மூன்றாம் தளம் திரையில் விரிந்தது. இன்ஸ்பெக்டர் கொப்பியை ஒரு கையில் பிடித்து மறு கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நீளமான மண்டபம், சரி. சாப்பாட்டுக் கடை, சரி. பிறகு விரல் நின்றது.

"கொப்பியில் இரண்டு படிக்கட்டு இருக்கிறது. இங்கே ஒன்றுகூட இல்லையே?"

நான் தமிழில் கேட்டேன். அண்ணையின் முகம், நீங்கள் நம்ப மாட்டீர்கள், மலர்ந்தது.

"ஓம் சேர். அது குறை. இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஒரு லிப்ட் மட்டும் வைச்சிருக்கிறான். நெருப்புப் பிடிச்சா சனம் என்ன செய்யிறது? முனிசிப்பல் சட்டப்படி ரெண்டு படிக்கட்டு வேணும். அதுதான் நான் போட்டனான்."

"இந்த எட்டுச் சின்ன அறைகள்?"

"மலசலகூடம், சேர். நாலு ஆம்பிளையளுக்கு, நாலு பொம்பிளையளுக்கு. அஞ்சு தளத்திலயும் தேடிப் பாத்தனான். நாலாயிரம் பேருக்கு ஒரு மலசலகூடம் இல்லை. எப்பிடி அனுமதி குடுத்தாங்களோ தெரியேல்லை."

புரிகிறதா வாசகரே, என்ன நடந்தது என்று? ஒரு சாதாரண மனிதன் விளையாட்டைப் பார்த்துப் படம் கீறியிருந்தால் படமும் விளையாட்டும் ஒத்துப் போயிருக்கும். ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போயிருப்பான். நிறைகுறையருக்கு அது முடியாது. பிழையான கட்டடத்தைப் பிழையாகவே கீற அவருடைய கை மறுத்துவிட்டது. கெரோன் எப்படி இருக்கிறது என்பதை அவர் கீறவில்லை. கொழும்பு மாநகரசபையில் அனுமதி எடுக்க வேண்டுமானால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கீறியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியென்றால் இது விளையாட்டின் படம் இல்லை. வேறு ஏதோ கட்டடத்தின் படம். எந்தக் கட்டடம்?"

எந்தக் கட்டடம் என்பது அந்த வருடத்தில் நல்ல கேள்வி அல்ல. அதற்குப் பதில் தெரியாதவர்கள், பதில் தெரியவரும் வரை உள்ளே இருந்தார்கள். வாசலில் கடித உறையின் சரசரப்புக் கேட்டது.

"முதல் பக்கத்திலிருந்து வாசி," என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம். "ஒரு சொல்லும் விடாமல்."

வாசித்தேன். ஒரு பொலிஸ் நிலையத்தில் வைத்து, துவக்குகள் பத்தொன்பதும் தண்ணீர்ப் போத்தல் இரண்டும் பற்றி, சூப்காரரின் இடது கால் பற்றி, மூன்று கதவு பற்றி, சிங்களத்தில், வியர்த்து வழிய வாசித்தேன். ஒவ்வொரு "குறை"யையும் மொழிபெயர்க்கும்போது இது அவருக்குக் கெடுதலா, எனக்குக் கெடுதலா என்று உள்ளுக்குள் ஒரு தராசு ஆடியது. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். கொட்டாவி நல்ல சகுனம் என்று நினைத்தேன். அப்படியே நாற்பத்தோராம் பக்கம் வந்தது.

"குறை 23. காவலர். மிக மட்டம். நீலச் சட்டை போட்டவனை ஆரென்று கேளாமல் விடுகிறார்கள். எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கும் சார்ஜனைக் கொண்டுவந்து இங்கே விட்டால் கதாநாயகன் முதலாம் தளத்தையே தாண்டமாட்டான். விளையாட்டு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்."

சுவரோடு சாய்ந்து நின்ற சார்ஜன் நிமிர்ந்தார்.

"அதை இன்னொரு தரம் வாசி."

வாசித்தேன். இன்ஸ்பெக்டர் கொப்பியை என்னிடமிருந்து வாங்கி, தமிழ் எழுத்தை விட்டுவிட்டு, மேலே இருந்த திகதியை மட்டும் பார்த்தார். நாலு மாதத்துக்கு முந்திய திகதி. இன்றைக்குப் பிடிபடுவோம் என்று நினைத்து நாலு மாதத்துக்கு முதல் ஒருவன் சார்ஜனைப் புகழ்ந்து வைப்பானா? அந்தக் கணக்கு அவருடைய முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். "அந்தக் காவலனைக் காட்டு" என்றார். மஹ்ரூப் நானா கதாநாயகனுக்கு நீலச் சட்டை போட்டு மூன்றாம் தளத்து வாசலுக்கு நடத்தினார். முதுகில் பத்தொன்பது துவக்கு. காவலன் பார்த்தான். "போ நண்பா" என்றான்.

"மோடயா!" என்று சார்ஜன் திரையைப் பார்த்து உறுக்கினார். மடையா என்று பொருள். "பையைத் திறந்து பாரடா முதலில்! எங்கே இருந்து வருகிறாய் என்று கேள்!"

கொன்ஸ்டபிள்மார் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார், மூக்கால் மட்டும். இன்னொரு தரம் காட்டச் சொன்னார். இன்னொரு தரமும் காவலன் நண்பனை விட்டான். சார்ஜனுக்கு அது சொந்த அவமானமாகப் போய்விட்டது. படிக்கட்டையும் மலசலகூடத்தையும் எல்லாரும் மறந்துபோனார்கள். வாசலில் உறை சரசரப்பதும் நின்றது.

எல்லாம் முடிந்த மாதிரித்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் எழும்பிக்கொண்டே, விருந்தினரோடு கதைக்கிற தோரணையில் கேட்டார்: "அப்போ எங்கள் சோதனை நல்லது என்கிறாய்?"

நான் தமிழில் கேட்டேன். ஓம் என்ற ஒரு சொல் போதும்.

"ஓம் சேர். நல்லம்" என்றார் நாகேந்திரம் அண்ணை. "திறமான சோதினை. ஆளை விடாமல், மழையெண்டாலும் நிண்டு பாக்கிறார்."

பிறகு அவருக்கு அந்த முகம் வந்தது. பாதியில் நின்ற தும்மலின் முகம். மஹ்ரூப் நானாவும் அதைக் கண்டார். "நாகேந்திரம் தம்பி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாய மூடிட்டு இரிங்க. ஒங்கட பொஞ்சாதி வாசல்ல நிக்கிறா."

"ஆனா" என்றார் அண்ணை.

"ஆனா ஒரு குறை, சேர். கெரோனில ஒருக்காக் கண்ட ஆளை ஆரும் மறக்கிறேல்லை. தண்ணி விக்கிற மனிசி கூட இருவது மணித்தியாலத்துக்குப் பிறகு ஞாபகம் வைச்சுக் கேக்குது. இவர் என்னை ரெண்டு வருசமாக் காலமையும் பின்னேரமும் பாக்கிறார். ஒவ்வொரு நாளும் நான் ஆரெண்டு கேக்கிறார்."

கோபமில்லாமல் சொன்னார். வரைபடத்தில் ஒரு அளவைக் குறிப்பது போலச் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லும், ஐசே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சார்ஜன், இன்னும் அந்தப் புகழ்ச்சியின் சூடு ஆறாத முகத்தோடு, எல்லாரிலும் ஆவலாகப் பார்த்தார்.

"குறை ஒன்றும் இல்லை என்கிறார், சேர்" என்றேன்.

"அவர் சொன்னது நீளமாக இருந்ததே?"

"தமிழ் கொஞ்சம் நீளமான மொழி, சேர்."

பத்து நிமிடத்தில் வெளியே விட்டார்கள். கொப்பியை வைத்துக்கொண்டார்கள். நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் சார்ஜன் கிழித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். அருந்ததி அக்கா உறையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அண்ணையின் கொலர் மடிந்திருந்ததை நிமிர்த்திவிட்டார்.

ஓட்டோவில் நாலு பேர் நெருங்கிக்கொண்டு போகும்போது மஹ்ரூப் நானா, சிரிப்பதற்கு இதுதான் நேரம் என்று நினைத்து, நான் செய்த மொழிபெயர்ப்பைச் சொல்லிவிட்டார். அருந்ததி அக்கா என் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பாய் தம்பி" என்றார். அண்ணை சிரிக்கவில்லை.

"நீர் குறையை விட்டிட்டீரோ?"

"அண்ணை, அந்த இடத்தில..."

"பாதிதான் சொல்லியிருக்கிறீர். பாதி விமர்சனம் எண்டா அது பொய், ஐசே."

"நாகேந்திரம் தம்பி," என்றார் மஹ்ரூப் நானா, "அந்தப் பொய்யிலதான் இப்ப நீங்க ஓட்டோல போறீங்க."

"அது நிறை," என்றார் அண்ணை. "நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

திங்கட்கிழமை காலை ஒழுங்கை முகப்பில் வழக்கத்தைவிட நீளமான வரிசை. சார்ஜனின் சட்டைப் பையில் மடித்த கடதாசியின் ஓரம் தெரிந்தது. தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எழுத்தில் சான்றிதழ் வாங்கிய மனிதர், அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி நடக்க வேண்டாமா? சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துப் பார்த்தார். குடையை விரித்துப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொம்பாஸ் பெட்டியைத் திறந்தார். எனக்கு முன்னால் நாகேந்திரம் அண்ணை நின்றார். அவருடைய முறை வந்தது. சார்ஜன் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஐ.சி.," என்றார். "பெயர்? எங்கே இருந்து வருகிறாய்?"

அண்ணை பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, போவதற்கு முன், திரும்பி என்னை ஒருதரம் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

நான் அந்தக் குறையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் உள்ளே போயிருக்கலாம்; அருந்ததி அக்கா வேறு வாசல்களில் அந்த உறையை நீட்டிக்கொண்டு வருடக்கணக்காக நின்றிருக்கலாம். அல்லது திங்கட்கிழமை சார்ஜன் அவரைக் கண்டதும், "ஆ, நாகேந்திரம், போ" என்று சொல்லியிருக்கலாம். நான் இன்னும் நிறுத்துப் பார்க்கிறேன். முள் நிற்கவில்லை. பதில் சொல்வதற்கு முன் சேமித்து வைத்துவிட்டு, திரும்பிப் போய் மற்றப் பதிலைச் சொல்லிப் பார்க்கிற வசதி கெரோனில்தான் உண்டு. அவர் எழுதியது சரி.

என் விண்ணப்பங்களில் ஒன்று பலித்து, நான் வந்து பல வருடமாகிறது. இந்த ஊரில் ஒருவரும் என்னை நிறுத்துவதில்லை; ஒருவரும் எதற்காக வந்தாய் என்று இருபது மணித்தியாலம் கழித்துக் கேட்பதும் இல்லை. இரண்டில் எது நிறை, எது குறை என்று அண்ணையிடம்தான் கேட்க வேண்டும். அவர் இன்னும் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறார். இந்தக் கட்டுரையை அவருக்கு அனுப்பினேன். "சார்ஜன்ட பகுதி நல்லம். தொடக்கம் கொஞ்சம் நீளம்" என்று பதில் வந்தது. பிறகு ஒரு வரி விட்டு, "குறையை இப்பவாவது எழுதினீர்" என்று இருந்தது.

இனி உங்கள் விஷயம். வாசித்து முடிக்கிற இந்த நேரத்தில் உங்கள் நாக்கில் ஒரு "ஆனா" வந்து உட்கார்ந்திருக்கிறதா? இருந்தால் நீங்கள் நாகேந்திரம் அண்ணையின் ஆள். எங்கே போனாலும் யாராவது ஒருவரை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள், அவரை முழுதாக நம்பாதீர்கள். "ஆனா" வரவில்லையா? எல்லாம் நல்லம், குறை ஒன்றும் இல்லை என்று தலையாட்டுகிறீர்களா? அப்படியானால் வாருங்கள். மேசையின் இந்த ஓரத்தில், எனக்குப் பக்கத்தில், ஒரு கதிரை இருக்கிறது. யாராவது கேட்டால், உங்களைத் தெரியாது என்றுதான் சொல்வேன்.